கரடுமுரடான பாதைப் பயணங்களும் மாற்றியமைக்கப்படும் வாகனங்களும்

பாடசாலை விடுமுறையோ நீண்ட வார இறுதியோ வந்துவிட்டால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை, புத்தளம் போன்ற இடங்களிலிருந்து நுவரெலியா, எல்ல, மீமுரே, அறுகம்பை எனப் பல திசைகளிலும் வாகனங்கள் புறப்படுகின்றன. விடுதிகளில் தங்குவதை விடுத்து, ஆற்றங்கரையிலோ மலைச்சரிவிலோ கூடாரமடித்துத் தங்கும் நாட்டம் இளைஞர்களிடையே வளர்ந்துள்ளது. அதற்கேற்ப டபள் கெப் வாகனங்களும் ஜீப்புகளும் மோட்டார் சைக்கிள்களும் மாற்றியமைக்கப்படுகின்றன. கூரையில் கூடாரம், முன்புறத்தில் இரும்புக் காப்பு, பெரிய டயர்கள், உயர்த்தப்பட்ட ஸ்பிரிங்குகள், மேலதிக விளக்குகள் என இப்பட்டியல் நீள்கின்றது.

இவை யாவும் தவறானவை என்று கூறுவதற்கில்லை. எனினும், வாகனமொன்றில் சேர்க்கப்படும் ஒவ்வொரு பொருளும் அதன் சுமையையும் சமநிலையையும் நிறுத்தும் ஆற்றலையும் மாற்றிவிடுகின்றது என்ற உண்மை போதியளவு உணரப்படவில்லை. 2025 மே மாதத்தில் றம்பொடை கெரண்டியெல்லவில் இடம்பெற்ற பஸ் விபத்தில் 20இற்கும் மேற்பட்டோரும், அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் பள்ளத்தில் வீழ்ந்ததில் 15 பேரும் உயிரிழந்தனர். அவை பஸ்களுக்கு நேர்ந்த விபத்துகள். ஆயினும் சுமையேற்றிய கெப் வாகனங்களும் அதே வீதிகளிலேயே இறங்குகின்றன. மலைநாட்டு வீதிகள் எவ்வளவு இரக்கமற்றவை என்பதற்கு அவ்விரு துயரங்களும் சான்றாகும்.

நமது நாட்டில் இவ்விடயம் மேலும் முக்கியத்துவம் பெறுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டு காலத்தில் பழைய வாகனங்களே கைமாறின. அவையே திருத்தப்பட்டுத் தொடர்ந்து பாவிக்கப்பட்டன. இன்று காட்டுப் பாதைகளுக்கென மாற்றியமைக்கப்படுபவற்றிலும் நீண்டகாலம் உழைத்துத் தேய்ந்த வாகனங்கள் பல உள்ளன.

முதலில் சுமையைக் கவனிப்போம். பெரும்பாலான டபள் கெப் வாகனங்கள் தாங்கக்கூடிய சுமை ஏறத்தாழ 1,000 கிலோகிராம் ஆகும். பின்புறத் தட்டில் ஏற்றும் பொருட்களுக்கு மட்டுமே இவ்வெல்லை பொருந்தும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பயணிகளும் பின்னர் பொருத்தப்பட்ட உபகரணங்களும் இவ்வெல்லைக்குள் அடங்கும். எடுத்துக்காட்டாக, ஐவர் பயணிக்கும் வாகனமொன்றை எடுத்துக்கொள்வோம். பயணிகள் 350 கிலோ, பின்தட்டு மேல்மூடி 120, முன் இரும்புக் காப்பும் இழுவை இயந்திரமும் 100, கூரைக் கூடாரமும் அதன் சட்டமும் 90, காஸ் சிலிண்டரும் சமையற் பாத்திரங்களும் உணவும் 80, ஆயுதங்களும் உடுதுணிகளும் 70, குளிர்ப்பெட்டியும் இரண்டாவது பற்றரியும் 60, குடிநீர் 60, மேலதிக டீசல் 35, இன்னுமொரு சில்லு 35. இவற்றைக் கூட்டினால் சரியாக 1,000 கிலோகிராம் வருகின்றது. ஆடம்பரம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமலேயே எல்லை நிரம்பிவிட்டது.

சுமையின் அளவைப் போலவே அது வைக்கப்படும் இடமும் முக்கியமானது. கூரையில் ஏற்றப்படும் பாரம் வாகனத்தின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகின்றது. சமதரையில் இவ்வேறுபாடு புலப்படாது. சரிவான பாதையிலோ கூரிய வளைவிலோ வாகனம் புரள்வதற்கு அதுவே ஏதுவாகின்றது. எனவே தண்ணீர், எரிபொருள் போன்ற பாரமான பொருட்களைத் தாழ்வாகவும், முன் பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட பகுதியிலும் கட்டி வைப்பதே முறையாகும்.

பெரிய டயர்களும் உயர்த்தப்பட்ட ஸ்பிரிங்குகளும் கற்பாறைகளைக் கடக்க உதவும் என்பது உண்மையே. ஆனால் டயரின் விட்டம் 10 சதவீதத்தால் கூடினால், பிரேக் மிதியை அதே அளவில் அழுத்தும்போது தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை ஏறத்தாழ 9 சதவீதத்தால் குறைகின்றது. வேகமானியும் உண்மையான வேகத்தை விடக் குறைவாகக் காட்டும். வாகனத்தை உயர்த்தும்போது பிரேக் குழாய்கள் இழுபடலாம். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயலாம். ஆகவே உயர்த்திய பின்னர் சில்லுகளின் கோணத்தையும் விளக்குகளின் திசையையும் மீளச் சரிசெய்வது கட்டாயமாகும்.

உயிராபத்து மிகுந்திருப்பது இறக்கத்திலாகும். எல்லவிலிருந்து வெல்லவாய வரையில், முப்பது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில், வீதி சுமார் 800 மீற்றர் கீழிறங்குகின்றது. மூன்று தொன் நிறையுள்ள வாகனமொன்று அவ்வுயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள 80 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இதன் பெரும் பங்கை இயந்திரம் தாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால் அவ்வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்குகளிலேயே சேரும்.

பிரேக் எண்ணெயின் தன்மை இங்குதான் வெளிப்படுகின்றது. வழக்கமாகப் பாவிக்கப்படும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகக் குறைந்துவிடுகின்றது. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உருவாகினால், மிதி அடிவரை இறங்கும், வாகனம் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வெண்ணெயை மாற்றுவதற்கு ஆகும் செலவு, அலங்கார விளக்கொன்றின் விலையை விடக் குறைவாகவே இருக்கும்.

டயர்களின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தித் திகதியைக் காட்டுகின்றன. 2318 என்றிருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூக்கள் தேயாதிருந்தாலும் முதிர்ந்த இறப்பர் வெடித்து இறுகியிருக்கக்கூடும். பொத்துவில், கற்பிட்டி போன்ற இடங்களின் மணற்பாங்கான தடங்களில் செல்வோர் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் வரை குறைப்பது பயன்தரும். ஆனால் தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்பாவிடின், டயர் சூடேறிக் கிழிந்துபோகும். நீரோடையைக் கடந்த பின்னர் பிரேக்கை மெதுவாக அழுத்தி உலர்த்திக்கொள்வது அவசியம். டிபரன்ஷல் எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால், தண்ணீர் உட்புகுந்துவிட்டது என்பதே பொருள்.

மோட்டார் சைக்கிளுக்கும் இந்த விதிகள் பொருந்தும். இருவர் ஏறியதுமே அதன் சுமை எல்லையின் பெரும்பகுதி நிரம்பிவிடுகின்றது. பின்சில்லுக்கு அப்பால் உயரமாகக் கட்டப்படும் பொதி முன்சில்லின் பிடிமானத்தைக் குறைத்து, ஏற்றத்தில் கைபிடியைத் தள்ளாட வைக்கும். சேறும் மணலும் படிந்த சங்கிலியைத் துப்புரவாக்கி, ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயிட வேண்டும். மழையில் ஓடியிருந்தால் அதற்கு முன்னரே இடவேண்டும்.

சட்டத்தின் நிலைப்பாட்டையும் நோக்குவது பொருத்தமானது. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ செயற்றிட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த மேலதிக உபகரணங்களைப் பொலிஸார் அகற்றத் தொடங்கியபோது, அவற்றின் உரிமையாளர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. வெளியே தெரியும் அலங்காரங்களை அகற்றுவது எளிது. உள்ளே தேய்ந்திருக்கும் பிரேக்கைக் கண்டுபிடிப்பதே கடினம். வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக ஆண்டுதோறும் செய்யப்படும் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே அளவிடுகின்றது. பிரேக்கையோ ஸ்பிரிங்கையோ அது பரிசோதிப்பதில்லை. மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களுக்காவது இயந்திரத் தகுதிப் பரிசோதனையொன்றை விதிப்பது குறித்து அதிகாரிகள் சிந்திக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் வாகனமொன்றின் சுமை எல்லையை உயர்த்துவதற்கு உரிய அங்கீகாரம் பெறவேண்டியுள்ளது. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டால் மட்டும் அந்த உரிமை கிடைத்துவிடுவதில்லை.

வலுவான வாகனம் இருப்பதால் எங்கும் நுழையலாம் என்ற எண்ணமும் களையப்பட வேண்டும். 2022 ஒக்டோபரில் யால தேசியப் பூங்காவினுள் ஒரு குழுவினர் ஜீப்புகளைத் தாறுமாறாகச் செலுத்திய சம்பவம் நாடளாவிய கண்டனத்துக்குள்ளானது. தடத்தை விட்டு விலகும் ஒவ்வொரு சில்லும் மண்ணைக் கிளறி, அடுத்த மழையில் அது கரைந்தோட வழிசமைக்கின்றது.

ஆகவே பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்களும் இளைஞர்களும் எதை மேலும் பொருத்தலாம் என்று யோசிக்குமுன், எதை இறக்கிவைக்கலாம், எதைத் திருத்த வேண்டும் என்று பார்ப்பது நல்லது. சகல பொருட்களையும் ஏற்றியபின் வாகனத்தை ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். பிரேக், டயர், எண்ணெய் ஆகியவற்றை நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். மலை ஏறுவதற்கு இயந்திரத்தின் வலு போதும். உயிருடன் இறங்குவதற்குப் பராமரிப்பே வேண்டும்.