பிசாசு மீனைத் தொட்ட கை

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா கரையில் சான் இக்னாசியோ என்றொரு உப்பங்கழி. குளிர்காலத்தில் அங்கே மீன்பிடிக்கப் போனவர்கள் ஒருகாலத்தில் படகைத் தட்டிக்கொண்டே போவார்கள். சாம்பல் திமிங்கலங்கள் சத்தம் கேட்டு விலகட்டும் என்றுதான். 40 அடிக்கு மேல் வளரும் உயிர். வாலை வீசினால் மரப்படகு மிஞ்சாது. வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'பிசாசு மீன்'.

கோடையில் இவை ஆர்க்டிக்கை ஒட்டிய கடல்களில் இருக்கும். அடிச்சேற்றை வாயால் உறிஞ்சி, சீப்பு போல் தொங்கும் தகடுகளில் வடிகட்டி, கூனி போன்ற சிற்றுயிர்களைத் தின்னும். பிறகு 8,000 கிலோமீட்டர் அளவுக்கு நீந்தித் தெற்கே வந்து, அலையடிக்காத இந்தக் கழிகளில் குட்டி போடும். 1857-ல் சார்லஸ் ஸ்கேமன் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர், பக்கத்திலுள்ள ஓஹோ தெ லியெப்ரே கழிக்குள் புகுந்தார். விளக்கெரிக்கும் எண்ணெய்க்காகத் தொடங்கியது வேட்டை. குட்டிக்கு ஆபத்து என்றால் தாய் ஓடவில்லை. திரும்பி வந்து படகுகளை நொறுக்கியது. அதைத்தான் பிசாசு என்றார்கள். பெற்ற வயிறு வேறு என்ன செய்யும்? வேட்டைக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள்: ஆழமில்லாத ஓரத்தில் படகை நிறுத்தி, கடந்துபோகும் திமிங்கலத்தின்மேல் வெடி ஈட்டியைச் சுட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குள் கழிகள் வெறிச்சோடின.

1946-ல் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை சாம்பல் திமிங்கலங்களின் வணிக வேட்டைக்குத் தடை போட்டது. எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஆனால் மீனவர்களின் பயம் மட்டும் போகவில்லை.

1972-ல் பச்சிக்கோ மயோரால் என்ற மீனவர் சான் இக்னாசியோவில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திமிங்கலம் படகை ஒட்டி வந்து நின்றது. அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தது. மறுபடி இந்தப் பக்கம் வந்தது. போகவில்லை. நடுங்கிக்கொண்டே அவர் ஒரு விரலால் தொட்டார். அது அசையவில்லை. பிறகு முழுக் கையையும் வைத்தார். ஒட்டுயிர்கள் சொரசொரவென்று படர்ந்த அந்த உடம்பில், வெற்றுத்தோல் மட்டும் மழமழவென்று இருக்கும்.

இன்று அந்த ஊர்க்காரர்கள் பயணிகளைப் படகில் அழைத்துப் போகிறார்கள். கழிக்குள் போய்க் காத்திருப்பார்கள். கிட்ட வருவதும் வராததும் திமிங்கலத்தின் விருப்பம். சில தாய்கள் குட்டியை முதுகில் தாங்கிப் படகருகே உயர்த்துகின்றன. கழியோரம் பெரிய உப்பு ஆலை ஒன்று வரவிருந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2000-ல் மெக்சிகோ அரசு அதைக் கைவிட்டது.

ஆனால் 2019 முதல் எலும்பும் தோலுமாய்ச் செத்துக் கரையொதுங்கிய திமிங்கலங்கள் ஏராளம். வடகடல் வெப்பமாகி இரை குறைந்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குட்டியோடு கழிக்கு வரும் தாய்களும் அண்மை ஆண்டுகளில் குறைந்துவிட்டன.