பிரேக்கை மிதித்தால் அணையும் விளக்கு!

பூந்தமல்லியைத் தாண்டிக் காஞ்சிபுரம் நோக்கி ஒரு பழைய வேன் போய்க்கொண்டிருக்கிறது. இரவு நேரம். உள்ளே ஒரு குடும்பம். பின்னால் ஒரு லாரி. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். உடனே வேனின் பின்புறம் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று எரிந்து லாரிக்காரரை எச்சரிக்க வேண்டும் அல்லவா? ஆனால் நடப்பது வேறு. அதுவரை எரிந்துகொண்டிருந்த வலப்பக்கப் பின்விளக்கும் அணைந்துவிடுகிறது! காலை எடுத்ததும் மறுபடியும் எரிகிறது.

விந்தையாக இருக்கிறதா? பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு இது. பல்பை மாற்றினாலும் தீராது. புது பாட்டரி வாங்கிப் போட்டாலும் தீராது. பணம்தான் செலவாகும். காரணத்தைக் கண்டுபிடிக்க, வகுப்பில் நீங்கள் படித்த ஓம் விதியே போதும்.

ஒற்றை வயர் ஏன்?

வீட்டு விளக்குக்கு இரண்டு வயர்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வண்டியில் பெரும்பாலான விளக்குகளுக்கு ஒரு வயர்தான் வருகிறது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழியாக வண்டியின் இரும்பு உடலே பயன்படுகிறது. பாட்டரியின் எதிர்முனை ஒரு தடித்த வயரால் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்கிறார்கள். பிரிட்டிஷ் அமைப்பிலான மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் எதிர்முனைக்குப் பதிலாக நேர்முனை உடலோடு சேர்ந்திருக்கும். எந்த முனை என்று பார்த்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டால் செம்பு வயர் ஏராளமாக மிச்சமாகிறது. ஆனால் ஒரு குறை உண்டு. விளக்குக் கூடு உடலைத் தொடும் இடத்தில் துரு ஏறினால், திரும்பும் வழி அடைபட்டுப் போகும். மழைநீர் தேங்கும் ஊர்களில் இது விரைவில் நேரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கலாம். அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டி அன்றைக்கு ஓடினாலும், மாதங்கள் கழித்து அதன் இணைப்புகளில் துரு வேலையைக் காட்டும்.

மின்னோட்டம் தேடும் மாற்றுவழி

நமது வேனின் வலப்பக்கக் கூட்டில் இரண்டு இழைகள் உள்ளன. பின்விளக்கு 5 வாட். பிரேக் விளக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் பொதுவானது. அந்த எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

பின்விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் மின்னோட்டம் 5 வாட் இழையைக் கடந்து கூட்டுக்கு வருகிறது. அங்கிருந்து உடலுக்குப் போக வழியில்லை. ஆனால் பக்கத்திலேயே 21 வாட் இழை இருக்கிறது. அதன் வழியே பின்னோக்கிச் சென்று, பிரேக் வயர் மூலம் இடப்பக்கப் பிரேக் விளக்கை அடைந்து, அதன் நல்ல எர்த் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புகிறது. 12 வோல்ட்டில் எரியும்போது 5 வாட் இழையின் மின்தடை ஏறத்தாழ 29 ஓம்; 21 வாட் இழையின் மின்தடை 7 ஓம்தான். தொடர் இணைப்பில் அதிகத் தடையுள்ள இழைக்கே அதிக மின்னழுத்தம் கிடைக்கும். ஆகவே வலப்பக்கப் பின்விளக்கு மட்டும் சற்று மங்கலாக எரிகிறது. வழியிலுள்ள பிரேக் விளக்குகளில் ஒளியே தெரிவதில்லை.

இப்போது பிரேக்கை மிதிப்போம். பிரேக் வயருக்கும் 12 வோல்ட் வந்துவிடுகிறது. வலப்பக்கத்தின் இரண்டு இழைகளுக்கும் இரு பக்கமும் 12 வோல்ட்! மின்னழுத்த வேறுபாடு இல்லை. ஆகவே மின்னோட்டமும் இல்லை. விளக்கு அணைகிறது. மர்மம் விடுபட்டதா?

கண்டுபிடிக்கும் முறை

அம்பத்தூரை அடுத்த பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1960களிலிருந்தே வண்டிகளுக்கான மின்சாதனங்களைத் தயாரித்து வருகிறது. ஆவடியில் 1960களில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. இப்படி வண்டித் தொழில் வளர்ந்த இந்த வட்டாரத்தில் சாலையோர ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கும் குறைவில்லை. அவர்களில் கைதேர்ந்தவர் எதையும் உடனே கழற்றுவதில்லை. “தம்பி, கரண்ட் போற வழியை மட்டும் பாக்காதே, திரும்பி வர்ற வழியையும் பாரு” என்பார். அவர் செய்வதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் பாட்டரி. ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட் வீதம், முழு மின்னேற்றத்தில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் பாட்டரியின் மேல் பழி இல்லை.

அடுத்து, வலப்பக்க பல்பை இடப்பக்கம் மாட்டிப் பார்க்கிறார். எரிந்தால் பல்பின் மேலும் பழி இல்லை.

மூன்றாவதாக, பின்விளக்கைப் போட்டுப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை விளக்குக் கூட்டிலும் மறுமுனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைக்கிறார். எர்த் நன்றாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். இங்கே 12 வோல்ட் காட்டுகிறது. குற்றவாளி அகப்பட்டுவிட்டது!

கடைசியில், கூட்டிலிருந்து எதிர்முனைக்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுக்கிறார். விளக்கு பளிச்சிடுகிறது. சந்தேகம் தீர்ந்தபின்தான் திருப்புளியைக் கையில் எடுக்கிறார். ஆணியைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாஸ்லின் தடவுகிறார். செலவு சில ரூபாய்தான்.

எர்த் முழுவதும் அறுபடாமல், சிறிதளவு தடை கூடினாலும் தொல்லைதான். எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். வழியில் 0.02 ஓம் தடை இருந்தால் அங்கேயே 150 × 0.02 = 3 வோல்ட் வீணாகிறது. மோட்டார் முக்கும், எஞ்சின் கிளம்பாது. இவ்வளவு சிறிய தடையைச் சாதாரண ஓம் மீட்டர் சரியாகக் காட்டாது. மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்த இழப்பை அளப்பதே சரியான வழி.

எச்சரிக்கை

பியூஸ் போனால் சிலர் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அதைப்போல் ஆபத்து வேறில்லை. குறுக்குச் சுற்று ஏற்பட்டால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும். வயர் பழுத்து வண்டியே தீப்பற்றலாம். 12 வோல்ட் நமக்கு ஷாக் தராது. ஆனால் கைக்கடிகாரமோ மோதிரமோ நேர்முனைக்கும் உடலுக்கும் குறுக்கே பட்டால் நொடியில் பழுக்கும். அவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். மின்னேற்றம் நடக்கும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் நெருப்பு கூடாது. பெரியவர்கள் உடனிருக்கும்போது மட்டுமே வண்டியைத் தொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

நான்கு டார்ச் பல்புகள், இரண்டு டார்ச் செல்கள், இரண்டு ஸ்விட்சுகள் எடுத்துக்கொள்ளுங்கள். பல்புகளை வலம் இரண்டு, இடம் இரண்டு என்று பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றை முதல் ஸ்விட்சோடும் மற்றதை இரண்டாம் ஸ்விட்சோடும் இணையுங்கள். ஒவ்வொரு பக்கத்து ஜோடியின் மறுமுனைகளையும் சேர்த்து, ஒரே வயரால் செல்லின் எதிர்முனைக்குக் கொண்டுபோங்கள். நான்கும் எரியும். இப்போது வலப்பக்கத்தின் திரும்பும் வயரை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு ஸ்விட்சைப் போட்டால் வலப்பக்க பல்புகள் மங்கலாக எரியக்கூடும். இரண்டாவதையும் போட்டதும் அவை அணைந்துவிடும்.

அடுத்த முறை பள்ளி வேனோ, பக்கத்து வீட்டு வண்டியோ பிரேக் போடும்போது பின்னால் நின்று கவனியுங்கள். ஒரு விளக்கு தவறாக நடந்தால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஒரு விபத்தைத் தடுக்கலாம்.