திரைக்குப் பின்னால ஒரு சீட் காலி!

‘தசாவதாரம்’ படம் ஞாபகம் இருக்கா? 2008-ல் வந்தது. அதுல அசின் நிழல் பொம்மைகளை ஆட்டிக்கிட்டே அவதாரக் கதை சொல்ற ஒரு பாட்டு வரும். தோல்பாவைக்கூத்துன்னா நம்ம செட்டுல பல பேருக்கு அந்தப் பாட்டு மட்டும்தான் ஞாபகம் வரும். நேர்ல ஒரு பாவைக்கூத்து பார்த்தவங்க யாருன்னு உங்க கிளாஸ்ல கேட்டுப் பாருங்க. அறுபது பேர்ல ரெண்டு கை தூக்கினாலே அதிசயம்!

இத்தனைக்கும் பாவைக்கும் திருவண்ணாமலைக்கும் பழைய சொந்தம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினது இங்கேதான்னு சொல்வாங்க. ‘பாவை’ங்கிற வார்த்தைக்குப் பொம்மைன்னும் ஓர் அர்த்தம் உண்டு. திருவள்ளுவரே கயித்துல ஆடுற மரப்பாவையைப் பார்த்திருக்கார். வெட்கம் இல்லாதவங்க நடமாடுறது, கயித்தால ஆட்டி உயிர் இருக்கிற மாதிரி மயக்குற மரப்பாவைக்குச் சமம்னு 1020-வது குறள்ல ஒரு போடு போடுறார். ஆக, கலை ரொம்பப் பழசு. நாளைக்கு இதை ஆட்டப்போறது யாருங்கிறதுதான் இப்போ கேள்வி.

ரெண்டு பொம்மை, ரெண்டு டெக்னாலஜி

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். பொம்மலாட்டம் வேற, தோல்பாவைக்கூத்து வேற.

பொம்மலாட்டத்துல இருக்கிறது மரப்பொம்மை. கும்பகோணம் பக்கம் இதுக்குன்னே பேர் போன சபாக்கள் உண்டு. மணி ஐயரோட மங்கள கான சபா, டி.என்.சங்கரநாதனோட ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா ரெண்டும் அதுல முக்கியம். இந்தியாவுல இருக்கிற கயிற்றுப் பொம்மைகள்லயே பெரிசும் கனமும் தமிழ்நாட்டுப் பொம்மைதான். நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் வரைக்கும்கூட இருக்கும். அதை விரல்ல கயிறு கட்டித் தூக்க முடியுமா? கலைஞர் தலையில ஒரு இரும்பு வளையத்தை கிரீடம் மாதிரி மாட்டிக்கிறார். பொம்மையோட கயிறெல்லாம் அந்த வளையத்துல கட்டியிருக்கும். பாரம் கழுத்துக்கும் முதுகெலும்புக்கும் போயிடும். ரெண்டு கையும் ஃப்ரீ. அந்தக் கைகளால கம்பியைப் பிடிச்சு பொம்மையோட கைகளை அசைக்கிறார். இவர் தலையாட்டினா பொம்மையும் ஆடும். மெக்கானிக்கல் பசங்க கவனிங்க... லோட் ஒரு பக்கம், கன்ட்ரோல் இன்னொரு பக்கம்னு பிரிச்ச அருமையான டிசைன் இது!

தோல்பாவைக்கூத்து நிழல் சமாச்சாரம். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, சுரண்டிச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெலிசாக்கி, உருவம் வெட்டி, சாயம் பூசுறாங்க. நகை வர்ற இடம், கண் வர்ற இடத்துல எல்லாம் பொடிப்பொடியா துளை. பின்னாடி விளக்கு எரியறப்போ திரையில விழுறது வெறும் கறுப்பு நிழல் இல்லை, கலர் நிழல்! பாவையைத் திரையோட ஒட்டிப் பிடிச்சா உருவம் கூர்மையா தெரியும். விளக்குப் பக்கம் நகர்த்தினா உருவம் பெரிசாகும், ஓரம் மங்கும். அனுமன் விஸ்வரூபம் எடுக்க கிராபிக்ஸ் வேணாம், அரை அடி பின்னால இழுத்தா போதும். பிளஸ் டூ பிசிக்ஸ்தான் பாஸ்!

வீட்டுல ஒரு மொழி, திரையில நம்ம மொழி

தமிழ்நாட்டுல தோல்பாவைக்கூத்தை நடத்திட்டு வர்றவங்க பெரும்பாலும் மண்டிகர் சமூகத்துக் குடும்பங்கள். தஞ்சாவூர் மராட்டிய அரசர்கள் காலத்தோட சேர்த்துச் சொல்லப்படுற வரலாறு இவங்களோடது. வீட்டுல பேசுறது மராட்டி. விளக்கு ஏத்தினதும் வாயில வர்றது சுத்தமான ஊர்த் தமிழ்!

ஒரு குடும்பம்தான் ஒரு கம்பெனி. திரைக்குப் பின்னால உட்கார்றது ஒரே ஆள். ராமன், ராவணன், சீதை, கூனி எல்லாருக்கும் அவரே குரல். கை ரெண்டும் பாவைகள்ல இருக்கும். சண்டைக்காட்சி வந்தா காலால மரக்கட்டையைத் தட்டி சவுண்ட் எஃபெக்ட் கொடுக்கணும். பக்கத்துல ஆர்மோனியம், மிருதங்கம். மனைவி பின்பாட்டு. பிள்ளைங்க அடுத்த சீனுக்கான பாவையை எடுத்துத் தரணும். டைரக்டர், டப்பிங் ஆர்ட்டிஸ்ட், எடிட்டர் எல்லா போஸ்ட்டும் ஒரே ஆளுக்கு!

ராமாயணத்தைப் பல ராத்திரிகளுக்குப் பிரிச்சுப் போடுவாங்க. நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் உண்டு. ஆனா கூட்டத்தைக் கட்டி உட்கார வைக்கிறது உளுவத்தலையனும் உச்சிக்குடும்பனும். நம்ம பாஷையில காமெடி டிராக். ராமாயணத்துக்கு நடுவுல புகுந்து, அந்த ஊர் விஷயத்தை, அன்னிக்குக் காலையில நடந்த கூத்தைக்கூட கலாய்ச்சுடுவாங்க. இதுக்கு ஸ்கிரிப்ட் கிடையாது. அதனாலதான் எழுதி வச்சுக் காப்பாத்தவும் முடியாது. ஒரு கலைஞர் போனா அவர் குரலும் டைமிங்கும் அவரோடயே போயிடும்.

ஆளே இல்லாத ஆடியன்ஸ்

இப்போ ஒரு பஸ் பிடிச்சு பாலக்காடு பக்கம் போகலாம். அங்கேயும் தோல்பாவைக்கூத்து இருக்கு. ஆனா டோட்டலா வேற செட்டப். பகவதி கோயில்கள்ல இதுக்குன்னே நிரந்தர மேடை உண்டு. பேரு கூத்துமாடம். சுமார் 42 அடி நீளத் திரை. பின்னால வரிசையா 21 விளக்குகள். 7 நாள், 14 நாள், 21 நாள்னு விடிய விடிய நடக்கும்.

அவங்க பாடுறது என்ன தெரியுமா? கம்பராமாயணம்! நாம மார்க்குக்காக மனப்பாடம் செஞ்ச கம்பனை, மலையாளம் பேசுற கலைஞர்கள் பல நூறு பாடல்களா நெஞ்சுல வச்சிருக்காங்க. பாட்டைத் தமிழ்ல பாடிட்டு விளக்கம் சொல்வாங்க. முழுசா கத்துக்க ஆறுலேர்ந்து பத்து வருஷம் ஆகும்னு சொல்றாங்க. நம்ம பி.இ. நாலே வருஷம்தான்!

இதுக்கு ஒரு கதை உண்டு. பத்ரகாளி, தாரிகாசுரனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்ததால ராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியலை. அவளுக்காக வருஷா வருஷம் திரும்ப நடத்திக் காட்டுறாங்களாம். கூத்து அம்மனுக்குத்தான், நமக்கு இல்லை. நடுராத்திரிக்கு மேல மைதானத்துல ஒருத்தரும் இல்லைன்னாலும் நிறுத்த மாட்டாங்க. லைக் இல்லை, வியூஸ் இல்லை, கைதட்டல்கூட இல்லை. ஆனாலும் பாட்டுல ஒரு வரி குறையாது!

கேட்கச் சிலிர்ப்பா இருக்கு. ஆனா ஒரு கலை அம்மனை மட்டும் நம்பி உயிரோட இருக்க முடியுமா? பார்க்க ஆள் இல்லாத கலையைக் கத்துக்க ஆள் வருமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினவர் ஷொர்ணூர் பக்கம் கூனத்தறை ஊரைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டி புலவர். பாவைகளைக் கூத்துமாடத்தை விட்டு வெளியே எடுத்துட்டு வந்தார். அவருக்கு அப்புறம் மகன் ராமச்சந்திர புலவர் அப்பா பேர்லயே ஒரு பாவைக்கூத்து மையத்தை நடத்தறார். காந்தி கதை, விழிப்புணர்வுக் கதைன்னு புதுசு புதுசா போட்டாங்க. பாவை செய்யறதையும் ஆட்டறதையும் வெளியாட்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. அவரோட மகள் ரஜிதா, பெண்களை மட்டுமே வச்சு ஒரு குழு நடத்தறாங்க. காலங்காலமா ஆம்பளைங்க மட்டுமே உட்கார்ந்த இடம் அது!

கோயில்ல இன்னமும் பழைய முறைப்படிதான் கூத்து நடக்குது. வெளியே சொல்லிக் கொடுத்ததால உள்ளே எதுவும் குறையலை.

ரோபோ ஆட்டுமா?

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வந்தாச்சு. அதே புலவர் குடும்பம், ஒரு ரோபோட்டிக்ஸ் கம்பெனியோட சேர்ந்து 2021 வாக்குல தானா ஆடுற தோல்பாவைகளையும் முயற்சி பண்ணிச்சு. பாலக்காட்டு மாவட்ட பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காக. மியூசியத்துக்கு வர்ற ஆள் எந்த நேரத்துல வந்தாலும் ஒரு சின்னக் காட்சி ஓடும். நல்ல ஐடியாதான். பார்க்கிறவங்கள்ல பத்துல ஒருத்தர் நிஜக் கூத்தைத் தேடிப் போனாலும் லாபம்.

ஆனா ஒரு மோட்டாரால கையைத் தூக்க முடியும். முன் வரிசையில ஒரு குழந்தை அழுதா, உச்சிக்குடும்பன் வாயால அதைச் சிரிக்க வைக்க முடியுமா? கூட்டம் தூங்கி வழியுதுன்னு தெரிஞ்சு கதையைச் சுருக்க முடியுமா? அசைவை மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துடலாம். கூட்டத்தோட நாடியைப் பிடிக்கிறதை ஒரு ஆள் இன்னொரு ஆள் பக்கத்துல வருஷக்கணக்கா உட்கார்ந்துதான் கத்துக்கணும்.

மூணு மணி நேரம் போதுமா?

இங்கேதான் மேட்டர் சீரியஸாகுது. ‘பொம்மலாட்டப் பயிலரங்கம்’னு காலேஜ்ல போர்டு வைப்பாங்க. மூணு மணி நேரம், ஒரு பேப்பர் பொம்மை, ஒரு சர்ட்டிஃபிகேட், ஒரு குரூப் போட்டோ, கலைஞருக்கு ஒரு பொன்னாடை. முடிஞ்சுது! அதனால ஆர்வம் வரலாம், கலைஞர் வரமாட்டார்.

கலைஞர் உருவாகணும்னா ரெண்டு விஷயம் வேணும். சொல்லிக் கொடுக்கிறவருக்கு அதனால வீட்டுல அடுப்பு எரியணும். கத்துக்க வர்றவர் குடும்பத்துக்கு வெளியே இருந்தும் வரலாம்னு கதவு திறந்திருக்கணும். ஏன்னா, அந்தக் குடும்பங்கள்ல பிறந்த பிள்ளைங்க இன்னிக்கு வேற வேலை தேடிப் போறாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல நமக்கு என்ன ரைட்ஸ் இருக்கு? நாம மட்டும் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிட்டு நிற்கலையா? கலையைக் காப்பாத்துற பாரத்தை அவங்க தலையில மட்டும் வச்சுட்டு, நாம ஓரமா நின்னு ‘ஐயோ பாவம்’ சொல்றது நியாயமே இல்லை.

கதவு திறந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு உதாரணம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. செய்யாறு பக்கம் புரிசை. பொம்மை இல்லை, தெருக்கூத்து. அங்கே தம்பிரான் பரம்பரைக் கூத்தைப் பார்த்து அசந்துபோன ந.முத்துசாமிதான் 1977-ல் சென்னையில கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 2003-ல் மறைந்த கண்ணப்பத் தம்பிரான், வெளியே இருந்து வந்த நாடகக்காரங்களுக்கும் அடவு சொல்லிக் கொடுத்தார். கூத்துப் பரம்பரையில பிறக்காத எத்தனையோ பேருக்கு அந்த அடவு போய்ச் சேர்ந்தது. இன்னிக்கும் புரிசையில கூத்து நடக்குது!

பாவைக்கூத்துக்கும் அப்படி ஒரு சங்கம், ஒரு இடம், ஒரு வகுப்பு வேணும். அந்தச் சங்கத்துல டிரம் அடிக்கிற ஆள் மட்டும் போதாது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு புரோகிராம் பேச, கணக்கு எழுத, லைட் செட் பண்ண, கதை எழுத ஆள் வேணும். இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச வேலைதானே?

ஆரம்பிக்கலாமா?

* முதல் திரை: ஒரு வெள்ளை வேட்டி, ஒரு எல்.இ.டி. பல்பு, தடிமனான அட்டை, மூங்கில் குச்சி. டியூப் லைட் வேணாம். நீளமான விளக்குல நிழல் கலைஞ்சுடும், ஒரே புள்ளியில இருந்து வர்ற வெளிச்சம்தான் சரி.

* முதல் பாடம்: பொம்மை பேசும்போது மட்டும் அசையணும், மத்தது சும்மா இருக்கணும். எல்லாத்தையும் ஆட்டினா யார் பேசுறாங்கன்னே தெரியாது. இதுக்கே ஒரு வாரம் பிடிக்கும்!

* கல்ச்சுரல்ஸ்: மைம், ஆட்-ஜாப் லிஸ்ட்ல ஒரு நிழல் கூத்தையும் சேர்க்கச் சொல்லுங்க. ஒரு குழுவைக் கூப்பிட்டா பொன்னாடையோட விட்டுடாதீங்க. டி.ஜே.வுக்குப் பேசுற மாதிரி முன்கூட்டியே சம்பளம் பேசுங்க.

* உதவித்தொகை: மத்திய கலாசார அமைச்சகத்தோட இளம் கலைஞர்கள் திட்டத்துல 18-லிருந்து 25 வயசுக்காரங்களுக்கு மாதம் 5,000 ரூபாய், 2 வருஷம் தர்றாங்க. பொம்மலாட்டமும் அந்தப் பட்டியல்ல உண்டு. தஞ்சாவூர்ல இருக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்துல குரு-சிஷ்யத் திட்டம் பத்தி விசாரிங்க.

* சங்கம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தா ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஹாஸ்டல்ல ஏழு பேருக்கா பஞ்சம்?

* தேதி: மார்ச் 21, உலகப் பொம்மலாட்ட தினம். 2003-லிருந்து கொண்டாடுறாங்க. இலங்கையோட ‘ரூகட’ பொம்மலாட்டம் 2018-ல் யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. நம்மது இன்னும் காத்திருக்கு.

மராட்டி பேசுற குடும்பங்களும் மலையாளம் பேசுற குடும்பங்களும் இத்தனை தலைமுறையா தமிழ்ப் பாட்டை வச்சுக் கூத்து நடத்திட்டாங்க. தமிழ் பேசுற நாம ஒரு செமஸ்டர் லீவை அந்தத் திரைக்குப் பின்னால கழிச்சா ஒண்ணும் குறைஞ்சுடாது. அடுத்த முறை எங்கேயாவது கூத்து நடந்தா, முடிஞ்சதும் பைக்கை ஸ்டார்ட் பண்ணாதீங்க. பின்பக்கம் போய்ப் பாவைகளை அடுக்க உதவி பண்ணுங்க. அப்படியே, ‘எனக்குக் கத்துத் தருவீங்களா அண்ணா?’ன்னு கேளுங்க!