குறுக்குவில்லோடு மான் தேடிப் போகுமுன்

அமெரிக்காவில் குறுக்குவில் வாங்க மத்திய சட்டம் பின்னணிச் சோதனை எதையும் கேட்பதில்லை. அந்தச் சட்டத்தின் கணக்கில் வெடிமருந்தின் விசையால் சுடுவதுதான் துப்பாக்கி. நாணின் விசையால் அம்பை எறியும் வில் அதில் சேராது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. வில்லுக்கு அந்தத் தடையே கிடையாது. அதனால்தான் புதிதாகக் குடியேறியவர்களுக்கு இந்த ஆயுதம் எளிதாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு மானைத் தேடி ஒரு அடி வைத்தாலும் மாநில வேட்டைச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறீர்கள். அங்கே துப்பாக்கிக்காரருக்கு இருக்கிற பொறுப்பு அத்தனையும் உங்களுக்கும் உண்டு.

முதலில் மாநிலத்தைப் பாருங்கள். ஒஹாயோ 1970-களிலேயே குறுக்குவில்லை அனுமதித்தது. விஸ்கான்சின் 2014-இல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆரிகனில் இதைக் கொண்டு மான் வேட்டையாடவே கூடாது. வேறு சில இடங்களில் பருவத்தின் ஒரு பகுதிக்கு மட்டும், அல்லது உடல் ஊனமுள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. மெய்ன் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டையே கிடையாது. வார இறுதியை நம்பிக் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறும். நண்பர் சொன்னார் என்று போகாமல், மாநில வனவிலங்குத் துறை அந்த ஆண்டுக்கு வெளியிட்ட கையேட்டைப் படியுங்கள்.

லைசென்ஸுக்கு முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவருக்கும், விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவருக்கும் அது கட்டாயம். எந்த நாட்டில் பிறந்தவர் என்பதில் வேறுபாடு இல்லை. லைசென்ஸ் வாங்கும்போது குடியிருப்பு விவரத்தில் பொய் சொல்லாதீர்கள். உள்மாநிலக் கட்டணம் குறைவு என்பதற்காகப் பழைய முகவரியைக் கொடுப்பது தனிக் குற்றம். கொம்புள்ள ஆணா, கொம்பில்லாததா என்று உங்கள் டேக்கில், அதாவது பிடித்த மானின் மேல் கட்டும் அனுமதிச் சீட்டில், எழுதியிருப்பதைத்தான் எய்யலாம்.

நடந்து வேட்டையாடுகிறவர் அதிகம் சிக்குவது எல்லையில். பரண் கட்டி உட்கார்ந்தவருக்கு அந்த ஒரு மரம்தான் இடம். தடம் பார்த்து, காற்றுக்கு எதிராக அடிமேல் அடி வைத்துப் போகிறவர் கண்ணை மானின் மேல் வைத்திருப்பார். காலடியில் அரசு நிலம் முடிந்து அடுத்தவர் நிலம் தொடங்கியிருக்கும். எல்லா இடத்திலும் பலகை இருக்காது. டெக்சாஸ், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் மரத்தில் அடித்த ஊதா வண்ணக் கோடே 'நுழையாதே' என்பதற்குச் சட்டபூர்வ அடையாளம். தேசியக் காடுகளில் பெரும்பாலும் வேட்டைக்கு இடமுண்டு, தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கிடையாது. பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். நில எல்லை காட்டும் செயலியை, சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்படி, வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2004 நவம்பரில் விஸ்கான்சினில் மங் இனத்தைச் சேர்ந்த ஒரு குடியேறி, தனியார் நிலத்தில் இருந்த பரணில் ஏறியிருந்தார். நிலத்துக்காரர் தரப்போடு வாக்குவாதம் மூண்டு துப்பாக்கிச் சூடாகி, 6 பேர் இறந்தார்கள். சுட்டவருக்கு மறு ஆண்டு ஆயுள் தண்டனை. வேற்று நிறத்து முகம், கையில் ஆயுதம், யாருடைய நிலம் என்ற கேள்வி மூன்றும் காட்டில் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் சமூகம் மறக்கக் கூடாது. போகச் சொன்னால் போய்விடுங்கள். நீங்கள் சரியான இடத்தில் இருந்தும் ஒருவர் வேண்டுமென்றே மானை விரட்டி விடுகிறார், மிரட்டுகிறார் என்றால் அதற்கும் வழி உண்டு. சட்டப்படி நடக்கும் வேட்டைக்கு இடையூறு செய்வது 50 மாநிலங்களிலும் குற்றம். இடம், நேரம், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, வேட்டைச் சட்டத்தை அமலாக்கும் அதிகாரியான கேம் வார்டனை அழையுங்கள். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

இனி அந்த வில். அதன் நாணேற்ற 150 முதல் 200 பவுண்டு, சிலவற்றுக்கு அதற்கும் மேலே விசை வேண்டும். நொடிக்கு 400 அடி, அதாவது மணிக்குச் சுமார் 440 கிலோமீட்டர் வேகத்தில் அம்பு கிளம்பும். சாதாரண வில்லாளி கை ஓய்ந்தால் நாணைத் தளர்த்திவிடுவார். குறுக்குவில்லை ஒருமுறை நாணேற்றினால், விசையை அழுத்தும் வரையோ முறைப்படி நாணை இறக்கும் வரையோ அது அதே இறுக்கத்தோடு நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு பாசி படிந்த கல்லிலும் விழுந்த மரத்திலும் ஏறி இறங்குவதுதான் இந்த வேட்டையின் பெரிய ஆபத்து. வேலி, ஓடை, சரிவு எது வந்தாலும் அம்பை எடுத்துவிட்டுத் தாண்டுங்கள். நாண் ஓடும் தடத்துக்கு மேலே கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தால் நாண் அதைத் துண்டித்துவிடும். அம்பில்லாமல் விசையை அழுத்தினால் வில் உடைந்து சில்லுகள் முகத்தில் அடிக்கலாம். திரும்பும்போது, உங்கள் வில்லின் கையேடு சொல்லும் முறையிலேயே நாணை இறக்குங்கள். நாணேற்றிய வில்லை வண்டியில் வைப்பது பல மாநிலங்களில், குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைத்திருப்பதற்கு ஒப்பான குற்றம்.

இலைநிற உடையில் ஒளிந்து நடப்பது மானுக்கு மட்டுமா உங்களை மறைக்கிறது? துப்பாக்கிப் பருவம் குறுக்கிடும் நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் பெரும்பாலான மாநிலங்களில் வில்லாளிக்கும் கட்டாயம். கட்டாயமில்லாத நாளிலும் பொதுக்காட்டில் ஆரஞ்சுத் தொப்பி போடுவதே நல்லது.

எய்யும் முன் மானை நினையுங்கள். அம்பு இரத்தப்போக்கால்தான் கொல்கிறது. நுரையீரலில் பட்ட மான் சற்றுத் தூரம் ஓடிச் சீக்கிரம் விழுந்துவிடும். வயிற்றில் பட்டதோ பல மணி நேரம் வதைபட்டுச் சாகும். வேகத்தைக் காட்டி விற்கும் விளம்பரங்களை நம்பித் தூரத்தில் எய்யாதீர்கள். 50 கெஜத்தில் நிற்கும் மானை அம்பு எட்ட நொடியில் பத்தில் நான்கு பங்கு ஆகும். நாணின் ஓசை அதற்கு முன்பே அதன் காதில் விழுந்துவிடும். அந்த இடைவெளியில் அது உடலைத் தாழ்த்திப் பாயத் தயாராகிவிடும், குறி தவறும். நடந்து வருபவரை ஏற்கெனவே மோப்பம் பிடித்து நிமிர்ந்து பார்க்கும் மான் இன்னும் வேகமாக அசையும். 30, 40 கெஜத்துக்குள், பக்கவாட்டில், அமைதியாக நிற்கிற மானை மட்டும் எய்யுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், விடத் தெரியாதவர் வில் எடுக்கக் கூடாது என்பேன்.

எய்தபின் பின்னாலேயே ஓடாதீர்கள். அம்பை எடுத்துப் பாருங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். அரை மணி பொறுத்துப் போகலாம். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பசுமை கலந்து நாற்றமடித்தால் குடல். 6 மணி நேரத்துக்கு மேலும் காத்திருங்கள். விரட்டினால் அது மைல்கணக்கில் போய் எங்கோ சாகும். தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போனால் பல மாநிலங்களில் உரிமையாளரின் அனுமதி வேண்டும்; அவர் மறுத்தால் வார்டனிடம் பேசுங்கள். கயிற்றில் பிடித்த மோப்ப நாயோடு தேடித் தருபவர்கள் பல மாநிலங்களில் இருக்கிறார்கள். அவர்களை அழைக்கத் தயங்க வேண்டாம்.

கிடைத்த மானுக்கு உடனே டேக் போட்டு, கெடுவுக்குள் பதிவு செய்யுங்கள். காட்டு மான் இறைச்சியை விற்கக் கூடாது. விதி மீறிப் பிடித்ததை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அது மத்திய குற்றமாகிவிடும். 1967-இல் கொலராடோவில் முதலில் காணப்பட்ட சி.டபிள்யூ.டி. என்ற மூளைச்சிதைவு நோய் இப்போது 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் மான்களிடம் இருக்கிறது. மனிதருக்கு வந்ததாக உறுதியான சான்று இல்லை. ஆனால் அதன் காரணி சமைத்தாலும் அழியாது. நோயுள்ள பகுதியில் பிடித்ததைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும்வரை சமைக்காதீர்கள். வீடு திரும்பியதும் உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். 3 முதல் 30 நாளுக்குள் வட்டமாகப் படரும் தடிப்போ காய்ச்சலோ வந்தால், காட்டுக்குப் போனதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். உண்ணி பரப்பும் லைம் நோயைத் தொடக்கத்திலேயே மருந்தால் குணப்படுத்தலாம்.

வார்டன் நிறுத்தினால் வில்லைக் கீழே வைத்து, கைகள் தெரியும்படி நின்று, லைசென்ஸையும் டேக்கையும் காட்டுங்கள். அதைக் காட்டியே ஆக வேண்டும். அதற்கு மேல் குற்றம் பற்றிய கேள்விகளுக்கு வழக்கறிஞர் வரும்வரை பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குள் வந்து பார்க்கப் பொதுவாக வாரண்ட் வேண்டும். திறந்த நிலத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். அபராதம் கட்டினால் முடிந்தது என்று நினைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். குடியுரிமை மனுவில் அந்த வழக்கைப் பற்றிக் கேட்பார்கள். அமெரிக்கக் குடிமகன் அல்லாதவருக்கு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியாக வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் பாடிலா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த விளக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் பறிபோனால், மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தால் மற்ற மாநிலங்களிலும் கதவு மூடிவிடும்.

தவறான மானை எய்துவிட்டீர்கள், அல்லது எல்லை தாண்டி எய்தது பிறகுதான் தெரிந்தது என்றால் மறைக்காதீர்கள். இருட்டியபின் உடலை இழுத்துப்போவதும், டேக்கை மாற்றிப் போடுவதும் ஒரு குற்றத்தை மூன்றாக்கும். வழக்கறிஞரோடு பேச முடிந்தால் பேசிவிட்டு, மானை இருந்த இடத்திலேயே விட்டு, அன்றே நீங்களாக வார்டனை அழையுங்கள்.