ஊரே வகுப்பறை – 9: குளத்தங்கரையில் எண்ணிய தவளைகள்

1995 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஹெண்டர்சன் என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணைக் குளம். ஆசிரியரோடு இயற்கையைப் பார்க்க வந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள், புல்லுக்குள் தாவிய சிறுத்தைத் தவளைகளைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கையில் சிக்கிய ஒன்றின் பின்னங்கால் கோணியிருந்தது. நாம்தான் பிடித்த பிடியில் ஒடித்துவிட்டோமோ என்று பிள்ளைகளுக்குப் பதற்றம். ஆனால் அடுத்தடுத்துப் பிடித்தவற்றிலும் கால்கள் சரியாக இல்லை. சிலவற்றுக்கு ஒரு காலே இல்லை.

துரத்தல் நின்றது, எண்ணிக்கை தொடங்கியது. பிடித்தவை 22. அவற்றில் 11 தவளைகள் ஊனமாக இருந்தன.

அவர்கள் படித்தது மின்னசோட்டா நியூ கன்ட்ரி ஸ்கூல். பக்கத்து ஊரான லெ சூரில் 1994இல் தொடங்கிய பள்ளி. பாடவேளை, மணியோசை என்பதைவிட, பிள்ளைகள் தாங்களே எடுத்துச் செய்யும் செயல்திட்டங்கள்தாம் அங்கே படிப்பு. அதனால் அன்று கண்டது வீட்டில் சொல்லி மறந்துபோகும் கதையாகிவிடவில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்குத் தகவல் போனது. தவளைகளின் படங்களைப் பிள்ளைகள் இணையத்தில் ஏற்றினார்கள். இணையம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலம் அது.

செய்தி பரவியதும் மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் குளங்களைக் குனிந்து பார்த்தார்கள். 1996இல் மாநிலத்தின் 87 மாவட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றிலிருந்து ஊனத் தவளைகளைக் கண்டதாகத் தகவல்கள் வந்தன. சட்டமன்றம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது.

தவளையின் தோல் மெல்லியது. தண்ணீரில் இருப்பதை எளிதில் உள்ளே இழுத்துக்கொள்ளும். குளத்துத் தண்ணீர் கெட்டிருந்தால் நம் வீட்டுக் கிணற்றின் கதி என்ன என்று ஊரார் கேட்டது இயல்பு. 1997இல் ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரில் வைத்த தவளைக் கருக்களும் ஊனமாக வளர்ந்தன. ஊனத் தவளைகள் கிடைத்த இடங்களின் அருகே வசித்த சில குடும்பங்களுக்கு அரசே பாட்டில் தண்ணீர் கொடுத்தது. தண்ணீரில் இயல்பான உப்புகள் குறைவாக இருந்ததே அந்தச் சோதனை முடிவுக்குக் காரணமாகலாம் என்று மத்திய அரசின் விஞ்ஞானிகள் மறுத்தார்கள். விவாதம் சூடுபிடித்தது.

1999இல் பீட்டர் ஜான்சன் என்ற இளம் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியாவில் செய்த சோதனை ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. ரிபெய்ரோயா என்ற ஒட்டுண்ணிப் புழு, நத்தையிலிருந்து வெளியேறித் தலைப்பிரட்டையின் கால் முளைக்கும் இடத்தில் குடைந்து புகுகிறது. அதனால் கால் கோணுகிறது, கூடுதலாக முளைக்கிறது, சில சமயம் முளைக்காமலே போகிறது. அந்தத் தவளையால் தப்பி ஓட முடியாது. பறவை அதைக் கொத்தித் தின்கிறது. பறவையின் எச்சத்தோடு புழுவின் முட்டைகள் மறுபடி குளத்தில் விழுந்து, அடுத்த நத்தையைப் பிடிக்கின்றன.

இதில் மனிதனின் பங்கும் உண்டு. வயலில் கொட்டிய உரம் மழையில் கரைந்து குளத்தில் சேர்ந்தால் பாசி செழிக்கிறது. பாசி தின்னும் நத்தை பெருகுகிறது. கூடவே புழுவும் பெருகுகிறது. 2007இல் வெளியான ஆய்வு இந்தச் சங்கிலியை உறுதி செய்தது. பூச்சிமருந்து தவளையின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதாகவும் ஆய்வுகள் காட்டின. ஆனாலும் மின்னசோட்டாவின் எல்லா ஊனத் தவளைகளுக்கும் இந்த ஒரே விளக்கம் பொருந்தவில்லை.

பிள்ளைகள் விடை எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிடித்ததை எண்ணினார்கள், படமெடுத்தார்கள், உரியவர்களிடம் சொன்னார்கள். அவர்களின் ஆசிரியர் காதுகொடுத்தார். அரசு அலுவலகம் அதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளவில்லை. விஞ்ஞானிகளின் இத்தனை ஆண்டு உழைப்பைத் தொடங்கிவைக்க அது போதுமானதாக இருந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, கடையில் வாங்கிய தெர்மாகோல் மாதிரியைச் செயல்திட்டம் என்று இனி ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் குளக்கரைக்குப் பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அழைத்துப் போங்கள். அவர்கள் எழுதி வருவதை உட்கார்ந்து படியுங்கள்.

(தொடரும்)