துபாயில் விடுமுறை வீடு: கார்டைத் தேய்க்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

"மாதம் 1% கட்டினால் போதும், துபாயில் ஃபிளாட் உங்களுக்கே!" இந்த ரீல் உங்கள் ஃபோனிலும் வந்திருக்கும். சனிக்கிழமை ஒரு ஸ்டார் ஹோட்டலில் எக்ஸ்போ, கையில் காபி, கார்டைத் தேய்த்தால் புக்கிங் முடிந்தது. இவ்வளவு ஈஸியா?

துபாய் பக்கம் ஈஸிதான். குறிப்பிட்ட பகுதிகளில் வெளிநாட்டவர் முழு உரிமையோடு வீடு வாங்க 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. சிக்கல் எல்லாம் உங்கள் பணம் இந்தியாவை விட்டுக் கிளம்பும் இடத்தில்தான்.

10 லட்சம் திர்ஹமுக்கு ஒரு ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். துபாய் நிலத்துறைக்கு 4% கட்டணம், புரோக்கருக்கு வழக்கமாக 2%, அந்த கமிஷன் மேல் 5% வாட், பதிவு செய்யும் அலுவலகத்துக்கு சுமார் 4,000 திர்ஹம். எல்லாம் சேர்த்து 10.65 லட்சம். திர்ஹம் 25 ரூபாய் என்று போட்டால் 2.66 கோடி.

இதை நீங்கள் ஒருவரே ஒரே வருஷத்தில் அனுப்ப முடியாது. ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர்தான் உச்சவரம்பு. திர்ஹமில் அது 9.18 லட்சம். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக அனுப்பி ஒரே வீட்டுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கோல்டன் விசாவுக்கு வேண்டிய 20 லட்சம் திர்ஹம் வீடு என்றால் இருவரின் வரம்பும் சேர்ந்தாலே பத்தாது. அதனால்தான் பலர் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் மீதி என்று அனுப்புகிறார்கள். அனுப்பிய பணத்தை 180 நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது டிசிஎஸ். (கம்பெனி இல்லை, வரி!) ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு வங்கி 20% பிடிக்கும். மேலே சொன்ன 2.66 கோடியை இருவர் பிரித்து ஒரே ஆண்டில் அனுப்பினால் சுமார் 49 லட்சம். இது கூடுதல் செலவு இல்லை. வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டும் கேட்கலாம். கம்பெனியில் சொன்னால் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்-ஐயும் குறைக்கலாம். ஆனாலும் அனுப்பும் நாளில் அந்த 49 லட்சம் தனியாகக் கையில் இருக்கணும். பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

லோன் போடலாமா? எல்ஆர்எஸ்-இல் இப்படிப்பட்ட முதலீட்டுக்கு இந்திய வங்கிகள் கடன் தரக் கூடாது. துபாய் வங்கி தரத் தயாராக இருக்கலாம், ஆனால் இந்தியாவில் வசிப்பவர் அங்கே கடன் வாங்குவதை ஃபெமா பொதுவாக அனுமதிப்பதில்லை. 1% தவணையிலும் கவனம் வேண்டும். கட்டுமானம் நடக்கும்போது கட்டும் தவணை வேறு. சாவி வாங்கிய பிறகும் வருஷக்கணக்கில் ஓடும் தவணையைக் கடன் என்றே பார்க்க இடமிருக்கிறது. ஃபெமா தெரிந்த சிஏ பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எக்ஸ்போவில் கிரெடிட் கார்டை நீட்டவே வேண்டாம். வீட்டுக்கான பணம் வங்கியில் பான், ஏ2 படிவம் கொடுத்து, சரியான காரணம் குறிப்பிட்டுத்தான் போக வேண்டும்.

வாங்கிய பிறகு? அமீரகத்தில் வாடகைக்கு வருமான வரி இல்லை. நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்றால் இங்கே உண்டு. வீடு பூட்டியே கிடந்தாலும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 20 லட்சம் வரையிலான வெளிநாட்டுச் சொத்துகளுக்கு 2024-இல் கொடுத்த சலுகை வீடு, நிலத்துக்குப் பொருந்தாது. ஊரில் இருக்கும் வீட்டை விற்று துபாயில் வாங்கினால், அந்த லாபத்துக்கு வரிவிலக்கும் கிடையாது. அதற்குப் புது வீடு இந்தியாவில் இருக்க வேண்டும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் சர்வீஸ் சார்ஜ் தனி. நீங்கள் போகாத நாட்களில் டூரிஸ்ட்டுகளுக்கு விட நினைத்தால் அதற்கும் பெர்மிட் வேண்டும்.

கட்டி முடிக்காத வீடு என்றால், உங்கள் பணம் பில்டரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. 2007 சட்டப்படி அந்த ப்ராஜெக்டுக்கு என்று தனி எஸ்க்ரோ கணக்கு இருக்க வேண்டும். எக்ஸ்போவில் முதலில் அந்தக் கணக்கு விவரத்தைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து, துபாய் நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' ஆப்பில் ப்ராஜெக்ட் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக்குப் போவதெல்லாம் அதற்கப்புறம்.