மலையும் துவக்கும் – 9: வேவெஸ்ஸயில் கைமாறிய ஆயுதங்கள்

சென்ற வாரம் 1915 கலவரத்தில் நின்றோம். இராணுவச் சட்டம், துரைமார் கையில் ஏறிய துவக்குகள், சட்டசபையில் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பிய குரல், மறு ஆண்டே வந்த 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டம். இவ்வளவு நினைவிருந்தால் போதும், மேலே போகலாம்.

லுணுகலைக் காட்டுப்பன்றியையும் துவக்கு அனுமதிப்பத்திரத்தையும் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கிடையில் 1940ஆம் ஆண்டு ஊவா வேலைநிறுத்தங்களைப் படிக்கப்போய், ஒரு செய்தியில் மாட்டிக்கொண்டேன். பதுளைப் பக்கம் வேவெஸ்ஸ தோட்டத்துக்கு, சட்டத்தையும் ஒழுங்கையும் நிலைநாட்ட ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழு ஒன்று போயிருக்கிறது. தொழிலாளர்கள் அந்தக் குழுவின் கையிலிருந்த ஆயுதங்களைக் களைந்துவிட்டார்கள்.

மலையகத்துத் துவக்குக் கதைகளில் நம்மவர்கள் எப்போதும் குழலின் முன்பக்கம் நின்றவர்கள். சுடப்பட்டவர்களின் பெயர்கள்தான் நமக்கு மனப்பாடம். அதனால்தான் இந்த ஒரு செய்தியை விட்டு நகர மனம் வரவில்லை. இதை எழுதாமல் பன்றிக்குப் போக முடியாது.

வேவெஸ்ஸ திடீரென்று நடந்ததல்ல. அதே ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம். கேட்டது 16 சதச் சம்பள உயர்வு. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் மேடைகளில் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். முல்லோயாத் தொழிலாளர்மீது போட்ட வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக சொன்னதைப் பொலிஸ் மாஅதிபர் பேங்ஸ் கேட்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். மலை மூலையில் வெடித்த வெடிச்சத்தத்துக்குக் கொழும்பில் அமைச்சரவையே ஆட்டம் கண்டது. சுடும் அதிகாரம் யாருடையது, சுட்ட பிறகு யாருக்குக் கணக்குச் சொல்வது என்பதுதான் அந்தச் சண்டையின் உள்ளடக்கம். ஆயுத உரிமை பற்றி இந்தத் தீவில் நடந்த மிகப் பெரிய அரசியல் விவாதம் அதுவே என்று நினைக்கிறேன்.

முல்லோயாவுக்குப் பிறகு வேலைநிறுத்த அலை ஊவாவுக்கு வந்தது. லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்கள், எட்மண்ட் சமரக்கொடி போன்றவர்கள், தோட்டம் தோட்டமாக வேலை செய்தார்கள். வேவெஸ்ஸயில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே காரியம் பார்க்கத் துரை ஒப்புக்கொண்டார். இதன் கனத்தைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தப்படித்து எழுப்பி, இருட்டோடு பிரட்டுக்களத்தில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பிய காலம். துரை பங்களாப் பாதையில் எதிர்ப்பட்டால் முண்டாசை அவிழ்த்து, பீலிக்கரையோரம் ஒதுங்கி நின்ற மனிதர்கள். அவர்கள் தெரிவு செய்த சபையோடு துரை பேச வேண்டியிருந்தது. பொலிஸ் வந்தது இதற்கு மேல்தான்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பொலிஸ் அடக்குமுறை ஊவாத் தோட்டங்கள்மீது கடுமையாக இறங்கியது. வெள்ளம் வந்து ஒரு வாரத்துக்கும் மேலாக ஊவாவை மற்ற இடங்களிலிருந்து துண்டித்தது. அலை அடங்கிப்போனது. ஜூன் மாதத்தில் சமசமாஜத் தலைவர்கள் என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின், சமரக்கொடி ஆகியோர் கைதானார்கள்.

இதே காலத்தில் அடுத்த பங்களாவில் என்ன இருந்தது? 1900இல் தொடங்கிய இலங்கைத் தோட்டத்துரைமார் ரைஃபிள் படை இருந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் ஐரோப்பியத் துரைமார். வார நாளில் கொழுந்து நிறுவையைப் பார்த்தவர், படைப்பயிற்சி நாளில் ரைஃபிளைத் தோளில் போட்டார். 1949இல்தான் அந்தப் படையைக் கலைத்தார்கள். ஒரே தோட்டம். மேலே பங்களாவில் ரைஃபிள், கீழே லயத்தில் கவ்வாத்துக் கத்தி. அதைக்கூட வேலை நேரத்துக்கு வெளியே கையில் வைத்திருந்தால் சந்தேகம்.

அமெரிக்கர்களுக்கு அரசியலமைப்பிலேயே ஆயுத உரிமை இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். இலங்கையின் 1947, 1972, 1978 அரசியலமைப்புகள் எதிலும் அப்படியொரு உரிமை இல்லை. இங்கே துவக்கு என்பது அரசு தரும் அனுமதி. அமெரிக்காவில் 1791ஆம் ஆண்டின் இரண்டாம் திருத்தம் அதை உரிமையாக்கியது. அது தனிமனிதனின் உரிமை என்று உச்சநீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் சொன்னது. ஆனால் அந்த உரிமை பருத்தித் தோட்டத்துக்குள் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1857இல் டிரெட் ஸ்கொட் தீர்ப்பில், கறுப்பர்களைக் குடிமக்களாக ஏற்றால் அவர்கள் போகுமிடமெல்லாம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் வந்துவிடுமே என்று தலைமை நீதியரசர் டேனி அஞ்சி எழுதினார். அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பர் அனுமதியில்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் போட்டது. ஏட்டில் எல்லாருக்கும் இருந்த உரிமையைத் தோட்டத்தில் உழைத்தவனுக்கு மட்டும் தாளால் மறித்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களான நம்மவர்களுக்கு டேனியின் அச்சம் நன்றாகவே விளங்கும். குடிமகனா என்ற கேள்விக்குப் பிறகுதான் மற்ற உரிமைகளெல்லாம் வரிசையில் நிற்கும்.

நான் மலையகத்தாருக்குத் துவக்குக் கேட்டு எழுதவில்லை. அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சுடப்பட்டுச் சாகும் செய்தி வரும்போதெல்லாம், நம் அரசியலமைப்பில் அந்த வரி இல்லாதது நல்லதென்றே படுகிறது. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் சுட்டு ஒருவர் கொல்லப்பட்டதை நாடே பார்த்தது. புத்தகத்தின் உள்பக்கங்களைக் குடைந்து துப்பாக்கியை மறைத்து உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். துவக்கு குறையட்டும். அதோடு, அரசாங்கத்தின் துவக்குக்கும் கணக்குக் கேட்கும் நிலை வரட்டும். கோவிந்தனுக்கு 37 வருடம் கழித்து, 1977 மே மாதத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணனையும் பொலிஸ்தான் சுட்டது. தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்றதற்காக.

காணி என்றதும் லுணுகலைக்கு வந்துவிட்டோம். பசறையிலிருந்து பிபிலைக்கு இறங்கும் பாதையில், ஹொப்டன், அடாவத்தைப் பக்கம் லயங்களுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும். மரவள்ளியும் வற்றாளையும் சோளமும் போட்ட சிறு துண்டுகள், சுற்றிலும் பழைய சேலை, தகரம், வெற்றுப் போத்தல். பன்றி ஓர் இரவு இறங்கினால் மரவள்ளியை வேரோடு கிளறி, பாதி தின்று பாதி போட்டுப் போகும். பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்தால் கச்சேரிவரை போகும் அந்தத் தாள், முதலில் ஒரு கேள்வியில் நிற்கும்: காணி யாருடையது? லயத்துக்குப் பின்னாலிருக்கும் துண்டு கம்பனியுடையது. பயிர் மட்டும்தான் தொழிலாளியுடையது. பத்திரம் கிடைத்தவர்களும் அதை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். பத்திரம் கிடைக்காத இடத்தில்தான் கட்டுத்துவக்கு வருகிறது. பன்றி நடக்கும் தடத்துக்குக் குறுக்கே கம்பியை இழுத்துக் கட்டி, மறைவில் குழலைப் பொருத்திவிட்டுப் போவார்கள். விறகுக்குப் போகும் பெண்ணின் கணுக்காலும் அந்தக் கம்பியின் உயரத்தில்தான் இருக்கிறது.

இடம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கட்டுத்துவக்கும், அதைச் செய்யும் பட்டறையும், பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும் கால்களும்.

(தொடரும்)